மயங்கிக் கிடப்பவரிடம் ஒப்புதல் கேட்பது எப்படி? அவசர சிகிச்சை ஆய்வுகளைப் பற்றி ஒரு விவாதம்

பதிவு 1 | ஓய்வுபெற்ற_தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஒரு மருத்துவக் கல்லூரியில், நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுகளை ஆராய்ந்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் தொடர்பான விதிகளின்படி, இத்தகைய குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அந்த ஒருவராகத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் என்னிடம் வருவது ஒப்புதல் படிவத்தின் தமிழைச் சரிபார்க்கும் வேலைதான். சென்ற மாதம் வந்த படிவம் ஒன்று 11 பக்கங்கள் இருந்தது. அதை வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன்; தடையின்றிப் படித்தும் 25 நிமிடங்கள் ஆயின. அந்த ஆய்வோ, சுயநினைவில்லாமல் கொண்டுவரப்படும் நோயாளிக்கு வந்தவுடனேயே மருந்து கொடுக்க வேண்டிய ஆய்வு. அது எந்த ஆய்வு, எங்கே நடக்கவிருக்கிறது என்பதை நான் இங்கே சொல்லக்கூடாது. ஆகவே ஏற்கெனவே நடந்து முடிந்து வெளியான ஆய்வுகளை வைத்தே பேசுவோம்.

1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் நெறிகளின் முதல் வாக்கியமே, ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்பமான ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்கிறது. நாஜி மருத்துவர்கள் வதைமுகாம்களில் செய்தவற்றை விசாரித்த நீதிமன்றம் எழுதிய வாக்கியம் அது. அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. பின்னர் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனமோ, நோயாளி ஒப்புதல் தர இயலாத நிலையிலிருந்து, அவர் சார்பில் பேச யாரும் இல்லாமல், ஆய்வைத் தள்ளிப்போடவும் முடியாதென்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஒப்புதலின்றியே தொடங்கலாம் என்று இடம் தருகிறது. நியூரம்பெர்க் மூடிய கதவை ஹெல்சிங்கி சற்றே திறந்து வைத்திருக்கிறது. அது தேவையான திறப்பா, அன்றி ஏழை எளியவரைக் கேட்காமலே பரிசோதனைக்கு உட்படுத்தும் வழியா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 | அவசரப்பிரிவு_மருத்துவர்

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கேள்வியைச் சற்றே வேறு பக்கத்திலிருந்து அணுக விரும்புகிறேன். இந்த ஆய்வுகளைச் செய்யாமல் விட்டுவிட்டால் நோயாளிகள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறென்று எங்கள் துறையின் வரலாறே காட்டுகிறது.

தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு மூளை வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பது 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல இடங்களில் நடைமுறையில் இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து உயிரையும் காக்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ‘க்ராஷ்’ என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு அதைச் சோதித்தது. 20,000 பேரைச் சேர்ப்பதாக இருந்தார்கள். 10,008 பேர் சேர்ந்த நிலையிலேயே, 2004-இல், நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினரும், மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 17.9 விழுக்காட்டினரும் இரண்டு வாரங்களுக்குள் இறந்திருந்தார்கள். அதாவது, நல்லெண்ணத்தோடு நாங்கள் போட்டுவந்த ஊசி நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றுகொண்டிருந்தது. அந்த ஊசிக்காக எந்த நெறிமுறைக் குழுவும் கூடியதில்லை. ‘சிகிச்சை’ என்ற பெயரில் அது நடந்ததால் யாரும் 11 பக்கப் படிவம் கேட்கவுமில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உறக்கம் கெடும்.

அதே குழுவினர் அடுத்து நடத்திய ‘க்ராஷ்-2’ ஆய்வில், 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில், இரத்தப்போக்குடன் வந்த 20,211 பேர் சேர்ந்தார்கள். இந்தியாவிலிருந்தும் பலர் சேர்ந்தார்கள். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த பழைய மருந்து இறப்பை 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கினால் இறப்பவர்கள் 7.7-லிருந்து 5.3 விழுக்காடாகக் குறைந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பின் கொடுத்தாலோ 3.1-லிருந்து 4.4 விழுக்காடாகக் கூடினார்கள். காலையில் அமுதாக இருந்தது மாலையில் நஞ்சாகிறது. உறவினரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம் என்று வைத்திருந்த மருத்துவமனைகளில், முதல் க்ராஷ் ஆய்வின்போது, மருந்து தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாகத் தாமதமானது என்று அக்குழுவினரே பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த ஒரு மணி நேரம் யாருடையது? படிவம் யாரைக் காக்கவேண்டுமோ அவருடையதுதான்.

எங்கள் பிரிவில் ‘அட்டெண்டர் (நோயாளியோடு வந்தவர்) யாராவது இருக்கிறார்களா, கையெழுத்து வாங்கிவிடுங்கள்’ என்ற குரல் ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுகிறது என்பதை நான் எண்ணியதில்லை. உயிர்காக்கும் சிகிச்சைக்கு அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கும் அவ்வாறே விலக்கு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

பதிவு 3 | லேத்பட்டறை_அண்ணன்

டாக்டர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணக்கு எனக்குப் புரிகிறது, மறுக்கவுமில்லை. ஆனாலும் அந்த வராந்தாவின் இந்தப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2016-இல் என் தம்பி இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் லாரி மோதித் தலையில் அடிபட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். ஒருவர் அட்டையில் செருகிய தாள்களோடு வந்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார். ஸ்கேனுக்கு ஒன்று, இரத்தத்துக்கு ஒன்று, ‘ஹை ரிஸ்க்’ என்று ஒன்று. எத்தனை கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. என் கையில் அவனுடைய செருப்பு ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன் என்பதுதான் நினைவிருக்கிறது.

என் தம்பி பிழைத்துக்கொண்டான். நான்கு மாதம் கழித்து அவனுடைய காகிதங்களை இன்சூரன்ஸுக்காக அடுக்கியபோது, அவற்றில் ஒன்று ஓர் ஆய்வில் சேர்வதற்கான ஒப்புதல் படிவம் என்று கண்டேன். ‘எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது, கேள்விகள் கேட்க வாய்ப்பளிக்கப்பட்டது, சிந்திக்கப் போதிய நேரம் தரப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

அந்த ஆய்வினால் என் தம்பிக்குத் தீங்கு நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை நன்மையே நேர்ந்திருக்கலாம். என்னைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள், நேரமில்லை என்று பிற்பாடு சொல்லியிருந்தார்கள் என்றால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். கேட்டதாகக் காட்டி என்னையே சாட்சியாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், ‘நீங்கள்தானே ஐயா ஒப்புக்கொண்டீர்கள்’ என்று அந்தத் தாளை என்னிடமே நீட்டியிருப்பார்கள். நானும் வாழ்நாள் முழுக்க அதை நம்பியிருப்பேன்.

பதிவு 4 | மதுரை_வழக்கறிஞர்

லேத்பட்டறை அண்ணன் எழுதியதன் சட்டப்பக்கத்தைச் சொல்கிறேன். அவர் மனத்தில் உறுத்துவதும் சட்டம் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றே.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ஒப்புதல் தர இயலாத நிலையிலிருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு நெடுங்காலமாகவே பாதுகாப்பு அளித்துவந்தது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்தில் சிக்கியவரின் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்றும், போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் 2008-இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோயைக் கண்டறியும் சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று அகற்றிவிட்டார்கள். அந்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலை அங்கில்லை. அந்தப் பெண் விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம். வயதுவந்த ஒருவர் தற்காலிகமாக மயங்கியிருக்கிறார் என்பதாலேயே அவருடைய உடலின் மீதான முடிவு உறவினரின் கைக்குப் போய்விடுவதில்லை.

இதை ஆய்வுக்குப் பொருத்திப் பாருங்கள். சிகிச்சையில் மருத்துவர் ‘இது இவருக்கு நல்லது’ என்று நம்பிச் செய்கிறார். ஆகவே நல்லெண்ணம் என்ற பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கிறது. ஆய்விலோ, இரண்டில் எது நல்லது என்பது தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. எனவே சிகிச்சைக்கு உள்ள விலக்கு ஆய்வுக்கும் உண்டு என்று டாக்டர் கருதுவதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அதற்குத் தனியான அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பேரிடர், மனிதநேய நெருக்கடி ஆகிய சூழல்களில் ஒப்புதல் விலக்கு அளிக்க நெறிமுறைக் குழுவுக்கு இடம் தருகின்றன. இயன்ற விரைவில் அவரிடமே ஒப்புதல் பெற முயல வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கின்றன. ஆய்வு மருந்துகளுக்கான விதிகளோ இன்னும் இறுக்கமானவை.

பிறர் சார்பில் கையெழுத்திடுவது இந்நாட்டில் எவ்வளவு எளிதாகக் கறைபடும் என்பதற்கு 2009-ஐ நினைத்தாலே போதும். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில், பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அங்கே எந்த அவசரமும் இருக்கவில்லை. அவசரம் இல்லாத இடத்திலேயே இப்படியென்றால், அவசரம் என்ற ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

பதிவு 5 | எண்ணும்_எழுத்தும்

வழக்கறிஞரின் அச்சத்துக்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. மருந்து ஆய்வுகளில் புள்ளியியல் பணி செய்பவள் என்பதால் அதை எண்களோடு சொல்கிறேன்.

அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1996-இல், முன்னொப்புதல் இன்றி அவசர ஆய்வு நடத்த ஒரு விதியை வகுத்தது. நோயாளியின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும். இப்போதுள்ள சிகிச்சைகள் நிறைவளிக்காதவையாகவோ மெய்ப்பிக்கப்படாதவையாகவோ இருக்க வேண்டும். ஆய்வினால் அவருக்கே நேரடிப் பயன் கிடைக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஆய்வு நடக்கவிருக்கும் பகுதியின் மக்களோடு முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் பொதுவெளியில் அறிவிக்க வேண்டும். படிப்பதற்கு நல்ல விதி.

அதன் கீழ் முதலில் நடந்தவற்றுள் ஒன்று, பாக்ஸ்டர் நிறுவனத்தின் செயற்கை இரத்த மாற்று ஆய்வு. இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலையில் வந்த காயம்பட்டவர்களில், அந்தத் திரவம் பெற்ற 52 பேரில் 24 பேர் இறந்தனர். உப்புநீர் பெற்ற 46 பேரில் 8 பேர் இறந்தனர். 1998-இல் அதை நிறுத்தினார்கள். இது துயரம், ஆனால் மோசடி அன்று. எது நல்லது என்று தெரியாததால்தான் சோதித்தார்கள், கண்காணித்தார்கள், தீங்கு தெரிந்ததும் நிறுத்தினார்கள்.

அடுத்து வந்த ‘பாலிஹீம்’ என்ற இரத்த மாற்று ஆய்வு வேறு வகை. நார்த்ஃபீல்டு என்ற நிறுவனம் அதை 2003-இன் இறுதியில் தொடங்கி 2006 வரை நடத்தியது. ஆம்புலன்ஸில் இரத்தம் இருக்காது, உப்புநீர்தான் இருக்கும். ஆகவே வண்டியில் செல்லும் நேரத்தில் உப்புநீருக்குப் பதிலாகப் பாலிஹீம் கொடுத்துப் பார்ப்பதற்கு நியாயம் இருந்தது. ஆனால் மருத்துவமனைக்கு வந்த பிறகும், இரத்த வங்கி சில அடி தூரத்தில் இருக்கும்போதும், அந்தக் குழுவினருக்கு 12 மணி நேரம் வரை இரத்தத்துக்குப் பதிலாகப் பாலிஹீமையே தொடர்ந்தார்கள். ‘இப்போதுள்ள சிகிச்சை நிறைவளிக்காதது’ என்ற நிபந்தனை மருத்துவமனை வாசலோடு முடிந்துபோகிறது. இரத்தம் நிறைவளிக்காத சிகிச்சை என்று யார் சொல்ல முடியும்? ஒப்புதல் விலக்கோ வாசலைத் தாண்டியும் தொடர்ந்தது. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே ஒரு கைவளையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளலாம் என்றார்கள். நாளை தனக்கு விபத்து நேரும் என்று எண்ணி வளை வாங்கி அணிபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் பாலிஹீம் குழுவில் 13.4 விழுக்காடு, மற்றதில் 9.6 விழுக்காடு. 2009-இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது, நிறுவனமும் மூடப்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். விலக்கை நோயாளி ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. கேட்க முடியாத நேரத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும். கேட்க முடிகிற கணம் வந்ததும், அல்லது நல்ல மாற்று கைக்கெட்டியதும் அது தானே தீர்ந்துவிட வேண்டும். ஆசிரியர் அம்மா தம் குழுவில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, இந்த விலக்கு எந்த நிமிடத்தில் முடிகிறது என்பதே.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் கேட்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு கேட்கும் பின்னொப்புதல் மறுக்கப்பட்டால் அந்த நோயாளியின் தரவுகளை நீக்கிவிட வேண்டும் என்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் யார் மறுக்கிறார்கள், யாரைக் கேட்கவே முடியாமல் போகிறது என்று பாருங்கள். பிழைத்தவரைக் கேட்பது எளிது. இறந்தவரின் குடும்பத்தை அணுகுவது கடினம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, தலா 100 பேர் கொண்ட இரு குழுக்களில் ஒன்றில் 20 பேரும் மற்றதில் 10 பேரும் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர்களின் தரவுகளெல்லாம் ஒப்புதல் இல்லை என்று கழிந்துபோனால், எஞ்சுபவர்கள் அனைவரும் பிழைத்தவர்களாகவே இருப்பார்கள். இரண்டு மருந்தும் ஒன்றுபோலத் தோன்றும். இறந்தவரின் பெயரால் மதிப்புக் காட்டுகிறோம் என்று எண்ணி, அவர் இறந்ததே கணக்கில் வராமல் செய்துவிடுவோம்.

பதிவு 6 | இலண்டன்_அம்புலன்ஸ்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதில் இலண்டன் வந்து, 2019 முதல் அம்புலன்ஸ் சேவையில் பணிபுரிகிறேன். இறந்தவர்களின் குடும்பத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் துறையில் இன்றைக்கும் ஆறாத விவாதம் அது.

2006-இல் திருத்தப்பட்ட விதிகள் இங்கே முன்னொப்புதல் இன்றி அவசர மருந்தாய்வு நடத்த வழிவிட்டன. அதன்படி நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ‘பாராமெடிக்-2’. இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது 1960-களிலிருந்து வழக்கம். ஆனால் அது உண்மையிலேயே நன்மை செய்கிறதா என்று பெரிய அளவில் யாரும் சோதித்ததில்லை. 2014 முதல் 2017 வரை, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஐந்து அம்புலன்ஸ் சேவைகளில், 8,014 பேருக்குக் குலுக்கல் முறையில் அட்ரினலின் அல்லது உப்புநீர் கொடுக்கப்பட்டது. எதைக் கொடுக்கிறோம் என்பது கொடுத்தவர்களுக்கே தெரியாது. 30 நாள்கள் உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் குழுவில் 3.2 விழுக்காடு, உப்புநீர்க் குழுவில் 2.4 விழுக்காடு. பிழைத்து வீடு திரும்பியவர்களில் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தவர்கள் முறையே 31.0 விழுக்காடும் 17.8 விழுக்காடும். இதய நிறுத்தத்தில் கிடக்கும் ஒருவரிடம் எவரும் எதையும் கேட்க முடியாது. அருகில் நின்று அழும் மனைவியிடம் கேட்பதும் கொடுமை. ஆகவே முன்னொப்புதல் இல்லாததில் எனக்குக் குறை ஏதுமில்லை. பிழைத்தவர்களிடம், அவர்கள் தேறிய பின், விஷயத்தைச் சொல்லித் தொடர்வதற்கு ஒப்புதல் கேட்டார்கள்.

எனக்கு இடறுவது எஞ்சிய ஏழாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். இறந்தவர்களின் உறவினருக்குத் தனித்தனியே அறிவிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இணையத்திலும் பொது இடங்களிலும் தகவல் வைக்கப்பட்டிருந்தது. தேடி வருபவர்களுக்குச் சொன்னார்கள். துக்க வீட்டுக்குக் கடிதம் அனுப்பி, ‘உங்கள் கணவருக்கு மருந்துக்குப் பதிலாக உப்புநீர் கொடுத்திருக்கலாம்’ என்று சொல்வது புண்ணைக் கிளறுவதாகும் என்பது அவர்கள் கருத்து. அது இரக்கத்தால் சொன்ன கருத்துத்தான். பொதுமக்கள் பிரதிநிதிகளோடும் பேசித்தான் அம்முடிவுக்கு வந்தார்கள். ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் சனம் போரில் காணாமற்போனவர்களைப் பற்றி ஒரு வரித் தகவலுக்காக ஆண்டுக்கணக்கில் வீதியோரம் குந்தியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை; ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாதவை. ஆனால் ‘தெரிந்தால் வேதனைப்படுவார்கள்’ என்று வேறொருவர் தீர்மானிக்கும்போது என் நெஞ்சு இறுகிவிடுகிறது. என் தகப்பனின் கடைசி அரை மணித்தியாலத்தில் அவருடைய உடலுக்கு என்ன நடந்தது என்பதை அறியும் உரிமை எனக்கு இல்லையா?

இங்கே சிறுவர்களுக்கான அவசர ஆய்வுகளில் இதற்கு மாறான வழக்கம் வளர்ந்துவருகிறது. பிள்ளையை இழந்த பெற்றோருக்குச் சில கிழமைகள் கழித்து, தெரிந்த தாதியோ மருத்துவரோ பெயர் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களால் உண்மையைத் தாங்க முடியும் என்று நம்பித்தானே அப்படி எழுதுகிறார்கள்.

பதிவு 7 | அவசரப்பிரிவு_மருத்துவர்

வழக்கறிஞர் என்னைத் திருத்தியது சரியே. சிகிச்சையையும் ஆய்வையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். எது நல்லது என்று தெரியாமல் செய்வதற்குப் பொறுப்பு கூடத்தான் வேண்டும். பாலிஹீமைப் பற்றிப் படித்திருந்தும், விலக்கு எந்த நிமிடத்தில் முடிகிறது என்ற கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

உறவினர் அருகில் இருந்தும் அவரால் சிந்திக்க முடியாத நிலையில் என்ன செய்வது என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், கடுங்காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளைச் சேர்த்தார்கள். நரம்பு வழியே விரைவாகத் திரவம் ஏற்றுவது அன்றைய பாடப்புத்தகச் சிகிச்சை. குழந்தை சாகும் தறுவாயில் இருந்தால், தாயிடம் ஓரிரு வாக்கியங்களில் சொல்லி வாய்மொழியாகச் சம்மதம் பெற்றார்கள். குழந்தை நிலைபெற்ற பிறகு முழுமையாக விளக்கி எழுத்தில் ஒப்புதல் பெற்றார்கள். 2011-இல் வந்த முடிவு எங்களை உலுக்கியது. விரைவாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 10.5 விழுக்காட்டுக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தன, ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. 11 பக்கப் படிவத்தை வற்புறுத்தியிருந்தால் அந்த உண்மை இன்றுவரை வெளிவந்திருக்காது.

ஆனால் அங்கும் ஒரு முள் இருக்கிறது. எழுத்து ஒப்புதலுக்கு முன்பே இறந்த குழந்தைகளுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்று விலக்களித்தார்கள். இலண்டன் தம்பி கேட்பது அந்தத் தாய்மாரைப் பற்றியும்தான். எனக்கு உடனடி விடை இல்லை. எங்கள் வார்டில், உடலை ஒப்படைக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்திடம் ஆய்வைப் பற்றிப் பேச என் வாய் எழாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே பேசத்தான் வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

லேத்பட்டறை அண்ணனுக்கு: உங்களிடம் தாளை நீட்டியவரின் இடத்தில் நானும் பலமுறை நின்றிருக்கிறேன். ‘போதிய நேரம் தரப்பட்டது’ என்ற வரியை நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை. வருந்துகிறேன்.

பதிவு 8 | ஓய்வுபெற்ற_தமிழாசிரியை

இத்தனை பேர் இவ்வளவு கருத்தோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச்செல்ல என் குறிப்பேட்டில் சிலவற்றை எழுதிக்கொண்டேன். விலக்கு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை நிமிடக் கணக்கில் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதச் சொல்லப் போகிறேன். மருந்து கொடுப்பதற்கு முன் உறவினரிடம் பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம் என்றால், இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லட்டும். அதை ஒப்புதல் என்று அழைக்காமல், ‘தெரிவித்தோம், அவர் மறுக்கவில்லை’ என்று நேர்மையாகப் பதியட்டும். உண்மையில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் எந்த வாக்கியத்துக்கும் என் பேனா ‘சரி’ போடாது. ‘சிந்திக்கப் போதிய நேரம் தரப்பட்டது’ என்ற வரியை, தமிழில் பிழை இல்லாத காரணத்தால், இதுவரை எத்தனை படிவங்களில் நானே கடந்துபோக விட்டிருக்கிறேன் என்று எண்ணி நேற்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

இறந்தவரின் குடும்பத்துக்குச் சொல்வதைப் பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு எழும். சொல்லத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. எப்போது, யார், எந்தச் சொற்களில் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. லேத்பட்டறைத் தம்பி, உங்களைத் துன்புறுத்துவதற்காகக் கேட்கவில்லை. நடந்ததைப் பின்னர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றீர்களே, அது எப்படி அமைந்திருந்தால் உங்கள் மனம் ஏற்றிருக்கும்? முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை.

பதிவு 9 | லேத்பட்டறை_அண்ணன்

அம்மா, நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நாள் யோசித்தேன். என் தம்பியிடமும் கேட்டேன். ‘என்னை எழுப்பியதும் என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், உன்னிடம் அல்ல’ என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

என்னைப் பொறுத்தவரை, முதல் நாள் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறியிருக்காது. மூன்றாம் நாள் காலையில் அவன் கண் திறந்தான். அன்று மாலை சொல்லியிருக்கலாம். தாளோடு வந்தவர் வேண்டாம். இரவெல்லாம் அவன் பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காவோ, அவனைப் பார்த்த டாக்டரோ வந்து, நின்றுகொண்டு பேசாமல், வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். அவன் இறந்திருந்தால், காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போன பின், போனில் கூப்பிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எப்போது வரட்டும் என்று கேட்டிருந்தால் நான் வரச் சொல்லியிருப்பேன். திட்டியும் இருப்பேன். ஆனால் வரச் சொல்லியிருப்பேன்.

சொற்களைக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறேன். தமிழை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

‘உங்கள் தம்பியைக் கொண்டுவந்த இரவில், இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக ஓர் ஆய்வு நடத்துகிறோம். அவரையும் அதில் சேர்த்தோம். அவரைக் கேட்க முடியவில்லை. உங்களைக் கேட்க நேரமில்லை. அதனால் கேட்காமலே சேர்த்தோம். இனி அவர் அதில் இருக்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாலும் அவருடைய வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. நீங்கள் என்ன கேட்க வேண்டுமென்றாலும் இப்போது கேளுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.’